இல்லை என்று வரும்போது

ஐந்து ரோட்டில் டயர் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. செவ்வாய், வியாழன் ஆறரை மணி.
ஜெனோவா மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று வயது.
எனக்கு முப்பத்தாறு.
சீருடையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு
ஆம்புலன்ஸிலிருந்து நேரே வருகிறேன்.
பக்கத்து நாற்காலியில்
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்.
நகக்கண்ணில் வெள்ளித்தூள்.
ராஜ்கோட்டிலிருந்து போன் வருமாம்;
இந்தி கற்பதற்கு இது சல்லிசாம்.

இன்றைக்குப் பாடம்: கேன்.

எனக்கு நீச்சல் வரும்.
ஓடுகிற வண்டியிலும் நரம்பு பிடித்து ஊசி ஏற்ற வரும்.
இங்கிலீஷ் வராது.
நம் பேச்சில் எல்லாமே வருவதும் வராததும்தான்,
நாகலூர் பஸ் மாதிரி.
நிறுத்தத்தில் போய் நின்றால் போதும்,
பாக்கி அதன் பாடு.
கேன் அப்படியில்லை.
ஐ என்று முதலில் எழுந்து நிற்க வேண்டும்,
பிறகுதான் வாயே திறக்கும்.

கடந்த காலத்துக்கு இரண்டு சட்டை, என்றார் மிஸ்.
எப்போதும் கைவசம் இருந்த திறமைக்கு குட்.
ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை
முட்டி மோதிச் செய்து முடித்ததற்கு
வாஸ் ஏபிள் டு.
ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதுங்கள்.

பட்டறைக்காரர் சட்டென்று எழுதிவிட்டார்.
சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து குதிப்பாராம்: குட்.
போன வாரம் கரண்ட் இல்லாமலே
நாற்பது ஜோடி அனுப்பிவிட்டாராம்:
வாஸ் ஏபிள் டு.
வகுப்பே கை தட்டியது.

நான் எழுதியது
பதினான்காவது கொண்டை ஊசி வளைவு.
மார்கழிப் பனி.
காப்பிப் பழம் பறித்துத் திரும்பிய ஆட்களோடு
கவிழ்ந்து கிடந்த ஜீப்.
எதிரே ஒன்றும் தெரியாமல்
ஹாரனை மட்டும் நம்பி ஏற்றினார் அங்கமுத்து அண்ணன்.
சீட்டுக்கு அடியில் மாட்டியிருந்த ராமாயியின் காலை
ஜாக்கி வைத்து உயர்த்தி
வெளியே எடுத்தேன்.
வாஸ் ஏபிள் டு.
மிஸ் டிக் போட்டார்.

அடுத்த வரி சடையனுக்கு.
பேனா நின்றுவிட்டது.
குட் நாட் என்பதா,
வாஸ் நாட் ஏபிள் டு என்பதா?
கை தூக்கினேன்.

இல்லைன்னு வரும்போது
ரெண்டும் ஒண்ணுதான்க்கா,
எதை எழுதினாலும் மார்க் உண்டு.

இரண்டும் ஒன்றா?
எனக்கு வராது என்பதும்
அன்றைக்கு முடியாமல் போயிற்று என்பதும்?
விசாரணைக்கு வந்த அதிகாரி
அரைமணி நேரம் இதைத்தான் கேட்டார்.
தெரியலையா, முடியலையா?
திருப்பித் திருப்பி, நல்ல தமிழில்.
தெரியவில்லை, வரவில்லை, இயலவில்லை, ஆகவில்லை
என்று எத்தனை பெட்டி நம்மிடம்,
ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு.
நான் எந்தப் பெட்டியிலும் கை வைக்காமல்
மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாஷை
அதைக் கேட்கவில்லை.
குட் நாட்.
எழுதி, முற்றுப்புள்ளி வைத்தேன்.
பெரிய நிம்மதி என்று சொல்ல மாட்டேன்.
வெயிலில் நிற்கிறவனுக்கு
போஸ்ட் கம்பத்து நிழல்,
அவ்வளவுதான்.

கடைசிக் கால்மணி, பேச்சுப் பயிற்சி.
எனக்கு நர்ஸ் வேஷம், பரீட்சையில் அப்படித்தான் வருமாம்.
பட்டறைக்காரர் பேஷன்ட்.
நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கேன் யூ ஹியர் மீ?

கேக்குதா, கேக்குதா என்று
பனிக்குள் பதினோரு நிமிடம் கேட்டவள் நான்.
ஆறாவது நிமிடம் வரைக்கும்
கேக்குது என்றான் சடையன்.

எஸ், ஐ கேன்! என்று
கண்ணைத் திறக்காமலே கத்தினார் பட்டறைக்காரர்.
இலக்கணம் சுத்தம் என்றார் மிஸ்.

இவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டாங்க மிஸ், என்றேன்.
அதை மட்டும்
தமிழில் சொன்னேன்.