நிறை இருபத்தெட்டு

ஒவியேதோவில் பதினோராவது நாளாக மழை.
சீல் வைத்த குப்பியில் வந்த கரி
நூறு மில்லிகிராம்.
மேற்பரப்பில் எதுவும் இல்லை என்று
கம்பெனிக் கடிதம் கூடவே வந்தது.

இருப்பதை அளப்பது சுலபம்.
எங்களைக் கேட்டிருப்பது
இல்லை என்பதை அளந்து சொல்ல.

ஒலாயா அதைக் குவார்ட்ஸ் குழாயில் இறக்குகிறாள்,
கொதிநீரில் முட்டை இறக்குகிற கவனத்தோடு.
வெற்றிடம் பிடிக்க ஓர் இரவு.
பிறகு சூடு, நிமிடத்துக்குப் பத்து டிகிரி.
அவசரப்படுத்தினால்
எல்லாம் ஒரே நேரத்தில் பேசும்,
ஒன்றும் விளங்காது.

முந்நூறுக்குள் கார்பாக்சில் கிளம்பியிருக்க வேண்டும்,
முதல் சுடுசொல்லுக்கே செருப்பைத் தேடும் விருந்தாளி.
வரவில்லை.
ஐந்நூறு. லாக்டோனும் இல்லை.
நெல் எட்டிப் பார்த்து, கீழே சைடர் ஊற்றுகிறார்கள்,
வருகிறீர்களா என்றான்.
அறுநூற்றைம்பதில்
கோடு லேசாகத் தலை தூக்கியது.
எறும்புப் புற்று உயரம்.
நிறை இருபத்தெட்டு.

நைட்ரஜன், என்றேன், எங்கோ கசிவு.
அதற்கும் இருபத்தெட்டுதானே.
அவள் பதில் சொல்லாமல் பதினான்கைத் திறந்தாள்.
நைட்ரஜன் உடைந்தால் அங்கே சிதறல் விழும்.
அங்கே கோடு
துடைத்த கரும்பலகையாகக் கிடந்தது.

அப்படியானால் கார்பன் மோனாக்சைடு.
ஏதோ ஒரு விளிம்பில்
ஆக்சிஜன் பற்றிக்கொண்டிருந்திருக்கிறது.
கிராமுக்கு இரண்டு மைக்ரோமோல்.

கம்பெனி மாட்டிக்கொண்டது என்று
எனக்குள் ஒரு சின்னக் கொண்டாட்டம்.

ஒலாயா சிரிக்கவில்லை.
நிலக்கரிச் சுரங்கத்தின் தலைமேல் நடந்து
பள்ளிக்கூடம் போனவள்.
"வியாழக்கிழமை," என்றாள்.
"தராசு நிலைகொள்ளவில்லை.
கையுறைப் பெட்டிக்கு வெளியே எடுத்தேன்.
மூடி திறந்தபடி ஒரு நிமிடம்,
ஒன்றரை இருக்கலாம்.
எழுதி வைக்கவில்லை."

ஒன்றரை நிமிடம்.
அதற்குள் இந்த ஊர்க் காற்று
குப்பிக்குள் நுழைந்திருக்கிறது,
நனைந்த கோட்டும் காப்பியும் மணக்க.
நுழைந்ததில் துளி, திரும்பவில்லை.

இந்த ஓட்டத்தை அழித்துவிடலாம், என்றேன்.
இன்னொரு குப்பி இருக்கிறதே.
யாருக்குத் தெரியும்?

அவள் பதிவேட்டை இழுத்தாள்.
நாள். பதினொன்று நாற்பது.
ஒன்றரை என்று எழுதி, யோசித்து,
அடித்துவிட்டு இரண்டு என்று போட்டாள்.

என் மொழியில் கரி என்றால் சாட்சி, என்றேன்.
பழைய பொருள், இப்போது யாரும் புழங்குவதில்லை.
என் அரைகுறை ஸ்பானிஷில்
அது பாதிதான் கரை சேர்ந்தது.
முகத்தில் பூசுவதும் அதே கரிதான்,
அதை நான் சொல்லவில்லை.

அவள் அலமாரியைக் காட்டினாள்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒதுக்கிவைத்த இரண்டாம் குப்பி.
சீட்டில் அவள் கையெழுத்தில் ஒரே சொல்:
தெஸ்தீகோ.
"சாட்சி," என்றாள். "நாங்கள் அப்படித்தான் சொல்வோம்."

உலை ஆயிரத்து நூறைத் தொட்டு அணைந்தது.
உள்ளே இருப்பது
இப்போதுதான் கடிதத்தில் எழுதியிருந்த கரி.
கோட்டை மாட்டிக்கொண்டு அவள்
கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்:
ஆறும்வரை யாரும் திறக்க வேண்டாம்.