இருநூற்றுப் பன்னிரண்டு வலம்புரிகள்

பஞ்சிகாவத்தையில் மோட்டர் சுற்றிக்கொடுக்கும் கடையில்
கால் கிலோ செம்புக் கம்பி.
எந்த மெசினுக்கு என்று கேட்டார்.
வெளிச்சத்தைத் திருகுவதற்கு என்று சொல்ல வந்து
தண்ணீர்ப் பம்புக்கு என்றேன்.
ஐம்பது ரூபாய் குறைத்தார்.

சைக்கிள் கம்பியில் மூன்று சுற்று, ஒரு வெட்டு.
நெல்மணி அளவில் ஒரு சுருள்.
செம்பு என்பதில் விசேஷமில்லை,
வெள்ளியும் இதையே செய்யும்.
அலையோடு பேசுவது முறுக்குத்தான்.
எங்களுடையது கண்ணுக்கு எட்டாத வெளிச்சம்,
ஓர் அலைக்கு மூன்று சென்ரிமீற்றர் நீளம்.
கண்ணுக்குத் தெரிவதைத் திருக வேண்டுமென்றால்
இந்தச் சுருள் இன்னும் ஐம்பதாயிரம் மடங்கு சிறுக்க வேண்டும்.
அதற்கு விரல் போதாது. பணமும்.

ஸிஹாறா எதிரே இருந்து சுற்றினாள்.
சுருள்கள் பறக்குமென்று விசிறியை நிறுத்திவிட்டு
முதுகு நனைய இரண்டு நாள்.
அவளுடைய தம்பியின் விசா,
என்னுடைய வெள்ளவத்தை அறையின் வாடகை,
நானூறு சுருள்.

ரெஜிபோம் பலகையில் பதித்து
இரண்டு கொம்புகளுக்கு நடுவே நிறுத்தினோம்.
ஒரு கொம்பு நிமிர்ந்த அலையை அனுப்பும்.
மற்றது படுத்து வருவதை மட்டும் வாங்கும்,
நிமிர்ந்து வருவதற்குச் செவிடு.
நடுவில் யாராவது அலையின் தோளைப் பிடித்துத்
திருப்பினால்தான் முள் எழும்பும்.

எழும்பவில்லை.

ஒரு மயிரிழை நடுங்கியது,
அதை வயரின் பழுது என்று நினைத்தேன்.
வயரை மாற்றினோம். பலகையைத் தலைகீழாக்கினோம்.
பேராசிரியர் வந்து
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போக
ஒரே புத்தகத்தில் இருவரும் கையொப்பமிட்டபோது
அவளுடைய முழங்கை என் முழங்கையை இடித்தது.

பேனையைக் கீழே வைத்தேன்.

சாப்பிடுவது வலக்கையால்
என்பதால் இரண்டு வருடமாக நான் கவனிக்கவேயில்லை.

லென்சுக்குக் கீழே
என்னுடையது வலம்புரி, அவளுடையது இடம்புரி.
படுக்க வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும்
இடம்புரி இடம்புரிதான்.
கண்ணாடிக்குள் போனால் மட்டும் என்னுடையதாகும்.
நான் இந்தப் பக்கம் திருப்பிய அலையை
அவள் அந்தப் பக்கம் திருப்பி
ஒன்றுமே நடக்காதது போல் அனுப்பியிருக்கிறோம்,
இரண்டு நாள், சிரித்துப் பேசிக்கொண்டு.

பிழை என்னில, என்றாள்.
எந்தப் பக்கம் சுற்றுவதென்று
தாளில் நான்தான் எழுதவில்லை.

குறட்டால் பிடித்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தோம்.
ஒரு வலம்புரிச் சங்கு அகப்பட்டாலே சிலருக்கு யோகம்.
என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு, வாங்க ஆளில்லை.
அவளிடம் நூற்றெண்பத்தெட்டு.
மிச்சம் இருபத்து நாலுதான்
அந்த மயிரிழை.

இப்போது இரண்டு பலகை.
என்னுடையதை வைத்தோம், முள் எழும்பியது.
அவளுடையதை வைத்தோம், அதற்கும் எழும்பியது.
திரும்பியது எந்தப் பக்கம் என்று முள்ளுக்குத் தெரியாது,
கொம்பைப் பாகை பாகையாய்த் திருகித்
தேடிப் பார்க்க வேண்டும்.

காவலாளி கதவைத் தட்டினார்.
ஐந்து நிமிடம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு
அவள் கொம்பைப் பிடித்தாள், இடக்கையால்.
புத்தகத்தில் வெளியேறிய நேரத்தை
நான் இரண்டாம் தடவை வெட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொரு பாகை, என்றாள்.
எந்தப் பக்கம்?
என்ட பக்கம்.