கண்ணாடிச் சில்லு

கடக்காலில் விரிசல் கண்டதும்
நாங்கள் முதலில் பார்த்தது சுவரை அல்ல,
பக்கத்து வீட்டை.
பொங்கியண்ணனுக்கு எட்டுத் தறி.
விடிய விடிய அடிக்கும்.
எங்கள் அலமாரிக்குள் டம்ளரோடு டம்ளர் பேசும்.
வேறென்ன சாட்சி வேண்டும்?
சாமளாபுரம் பேரூராட்சிக்கு மனு எழுதினேன்
ஒரே மூச்சில், மூன்று பக்கம்.
அதிர்வு என்ற சொல் மட்டும் பதினொரு முறை.

பழுது பார்க்கக் கேட்ட கடனுக்காக
வங்கி அனுப்பிய இன்ஜினீயர் மரகதம்
ஸ்கூட்டரை நிறுத்தி
நேரே பொடக்காளிக்குப் போய்க் குத்தவைத்தார்.
"இதெல்லாம் முடி மாதிரிங்க. பூச்சோட சரி.
இது வேறைங்க."

செங்கல் இணைப்பில் படிப்படியாக ஏறி
ஜன்னல் மூலைக்குப் போகிற ஒன்று.
அடியில் ஒரு ரூபாய் நுழைந்தது.
மேலே போகப் போக நூல்.
ஓரிடத்தில் பழைய சிலந்திக் கூடு,
ஒரு சாண் தள்ளி
இப்போதுதான் பிட்ட ரொட்டி போல் புது விளிம்பு.
"பழசுதான். ஆனா இன்னும் நடந்துட்டிருக்குது."
நடக்கிறதா? எங்கே?
அதற்குப் பதில் சொல்லாமல்
குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து
இரண்டு பக்கமும் சிமெண்ட் அப்பி
பென்சிலால் தேதி போட்டார்: ஜனவரி 23.
"உடைஞ்சா அந்தத் தேதிய எழுதுங்க.
உடையாட்டி அதையும் எழுதுங்க.
அது வரைக்கும் பூசிறாதீங்க."

தினமும் தறி ஓடத் தொடங்கியதும் போய்ப் பார்ப்பேன்.
உடையட்டும் என்று வேண்டிக்கொண்டு,
என் சுவர் என்பது மறந்து.
சில்லு அசையவில்லை.
என் முகத்தைத்தான் காட்டியது,
கீழ் உதடு வரை.

பங்குனியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள்.
அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.
பொங்கியண்ணன் வேப்பமரத்தடியில்
நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
காட்டுக் கரிசல்
கை விடும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

பதினேழாம் நாள் மத்தியானம்
வளையல் ஒன்று உடைந்த சத்தம்.
அன்றைக்குத் தறி இல்லை, லாரி இல்லை,
காற்றுகூட இல்லை.
தேதியை எழுதினேன்.
மனு எழுதிய அதே கையெழுத்து.

மரகதம் மறுபடி வந்து
டியூபில் தண்ணீர் பிடித்து நான்கு மூலையும் அளந்தார்.
மூன்று இறங்கியிருந்தன.
குளியலறை மூலை மட்டும் மேலே.
அங்கே தோண்டச் சொன்னார்.
இரண்டடியில் சேறு,
சேற்றில் எங்கள் சோப்பு வாசம்.
மூட்டு விட்ட குழாய்
ஏழு வருடமாகக் கரிசலுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறது.
மற்ற மண் வெயிலில் சுருங்க
இது மட்டும் ஊறி உப்பி
சுவரை முதுகால் நெம்பியிருக்கிறது.
"தறி?" என்றேன்.
"தறி டம்ளரத்தான் ஆட்டும்ங்க."

குழாய் மாற்றினோம்.
புதுச் சில்லு ஒட்டினோம்.
ஒரு மழையும் ஒரு கோடையும் பார்க்க வேண்டுமாம்.
மனுவை வாபஸ் வாங்கப் போனேன்.
காரணம் எழுதப் படிவத்தில் ஒரே ஒரு வரி இடம்.
"வீட்டுத் தண்ணீர்" என்று எழுதினேன்.
கிளார்க் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் பொங்கியண்ணன் வந்தார்,
ஒரு வருடத்துக்குப் பிறகு.
பொடக்காளியில் நின்று குனிந்து பார்த்தார்.
"போன ஆடியிலயே தறிக்கடியில ரப்பர் வெச்சுட்டனுங்க.
எட்டுக்கும்.
என்னாலதான்னு நெனச்சுட்டிருந்தேன்."

எவ்வளவு செலவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து
விரிசலில் வைத்துப் பார்த்தார்.
விரல் வழுக்கிவிட்டது.
உள்ளே எங்கோ, நெடுநேரம் கழித்து
அது செங்கல்லில் பட்டது.

"இருக்கட்டும் உடுங்க" என்றார்.