ஏழரை நிமிடத்தில் ஒரு முகடு

காலை ஆறு மணிக்கு மொட்டைமாடி ஏறி
நேற்றைய காற்றைக் கழற்றுகிறேன்.
உள்ளங்கை அகல வட்டத்தாள்;
ஒரு பகல் ஒரு இரவு
காட்பாடி இதன் வழியாகத்தான் மூச்சுவிட்டது.
மார்ச்சில் கழற்றினால் அடுப்புக்கரி நிறம்:
கல்குவாரி, குப்பை எரித்த புகை,
சித்தூர் பஸ் நிலையத்தில் நின்றபடியே உறுமும் வண்டிகள்.
இன்று, மூன்று நாள் மழைக்குப் பின்,
இஸ்திரிக்குப் போகும் காலர் மாதிரி வெளுத்திருக்கிறது.
"மிஷின் ஓடிச்சாம்மா ராத்திரி?"
காவலாளி கோபண்ணாவுக்குச் சந்தேகம்.
ஓடியது என்று காட்டப்
பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன்.

வங்கக்கடலில் தாழ்வு நிலை. காற்று கிழக்கு.

தாளை நறுக்கி, ஊறவைத்து, வடித்து
கருவிக்குக் குடிக்கக் கொடுத்தால்
திரையில் ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள்.
கடைசியில் வரும் சல்பேட்டை
எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.
மேல்விஷாரம்.
தோலின் மயிரைக் கரைக்கும் சல்ஃபைடு
அண்ணன் அத்தாவுல்லாவின் சட்டையில் ஏறி வந்து
எங்களோடு சாப்பிட உட்காரும்.
பள்ளியில் என் பக்கத்து இடம்
எப்போதும் காலி.

இன்று குளோரைடு எழுவதற்கும் முன்னால்
ஏழரை நிமிடத்தில் ஒரு முகடு.
கொசு கடித்த தடிப்பளவு.
"ஏழரையா? அப்ப வில்லங்கம்தான்."
மறுபடி ஓட்டினேன். அதே இடம்.
மீத்தேன்சல்போனிக் அமிலம்.
டேனரி இதைச் செய்யாது. லாரிக்கும் தெரியாது.
கடல் செய்யும்.

கண்ணுக்கு எட்டாத பாசி
உப்பைத் தாக்குப்பிடிக்க
உடம்புக்குள் கந்தகம் சேர்த்து வைத்திருந்தது.
அதை ஏதோ ஒன்று தின்று, பாதியைச் சிந்த,
சிந்தியதைக் கிருமி நக்க,
நீரை விட்டு வாயு கிளம்பிற்று.
சிறுவயதில் மெரினாவில் இறங்கியதும்
"உப்பு வாசம்" என்று கத்தினேனே,
உப்புக்கு வாசமே கிடையாது.
அது இதுதான்.
குப்பியைத் திறந்தால்
கல்யாண மண்டபத்துப் பின்வாசலில்
முட்டைக்கோஸ் வேகும் நெடி.

வெயில் அதை ஒன்றிரண்டு நாள் வாட்டித்
துகளாக்கும்.
ஆவிக்குத் தனியாக நிற்க வராது;
ஓடும் பஸ்ஸில் ஏறியவள்
கம்பியைத் தேடுவதுபோல் எதையாவது தேடும்.
துகளைப் பிடித்துக்கொண்டு துளியாகும்.
பிடிக்கத் துகள் நிறைய இருந்தால்
துளிகள் பொடியாகி, மேகம் இன்னும் வெளுத்து,
வந்த வெயிலை
வந்த வழியே அனுப்பும்.

நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
இல்லாதவற்றைச் சொல்லியே பேர் வாங்கிய ஊர் இது.
அந்தப் பட்டியலில் கடலைச் சேர்க்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.
பாலாறு வெறும் மணலாகக் கிழக்கே கிடக்க
அதன் தலைக்கு மேலே, எதிர்த்திசையில்
கடல் வந்து போயிருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்: மூலம்.
பேனா கொஞ்சம் நின்றது.
அண்ணனின் டேனரிக்குப் போன வாரம் நோட்டீஸ்.
எல்லாவற்றையும் கடல் தலையில் போட
இந்த ஒரு முகடு போதும்,
கணக்கு தெரியாத ஒருவருக்கு.
எனக்குத் தெரியும்.
இந்தத் தாளின் கந்தகத்தில்
கடலுடையது என்று கைவைத்துச் சொல்லக்கூடியது
நூற்றில் மூன்றோ நாலோ.
மற்றதெல்லாம் சல்பேட்;
பிறந்த ஊரைக் கேட்டால் வாய் திறக்காது.
"கடல், சிறிதளவு" என்று எழுதினேன்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னால்
சிரிக்கிறான்:
"கடல்லயும் சல்ஃபைடா?
அதுக்கு யாரு நோட்டீஸ் ஒட்டறது, எங்க ஒட்டறது?"

பதில் தேடும்போதுதான் உறைத்தது.
காலையில் புதுத் தாளை மாட்டவே இல்லை.
படி ஏறி ஓடினேன். பம்பு இரைந்துகொண்டிருக்கிறது
வெறும் வளையத்தின் வழியாக.
ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை
எது வந்ததோ, யார் எண்ணுவது,
காங்கேயநல்லூர்ப் பக்கம்
மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது.