நாலரை மில்லிமீட்டர்

ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குகிறேன்.
இந்த ஏசி அறையில் அது பிள்ளைக்கு ஐஸ்கட்டி.
பெயர் ஹர்ஷவி. பத்து மாதம்.
ஐந்து கிலோ நானூறு.
பால் குடித்தால் நெற்றி வியர்க்கிறதாம்.

அழகுமீனா வளையல்களைக் கழற்றி
ஒவ்வொன்றாய் என் மேசையில் வைக்கிறாள்,
சத்தத்தில் படம் கெட்டுவிடுமோ என்று.
கெடாது என்று நான் சொல்லவில்லை.

விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சந்து.
அதன் வழியே சாம்பல் நிறத்தில் நான்கு அறைகள்.
சுவரில் ஓட்டையில்லை.
கருவியை மேலே, இடது தோள் பக்கம் நகர்த்தி
நிறத்தைப் போடுகிறேன்.

"செவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்டதா மேடம்?"
இல்லைம்மா.
என் பக்கம் வருவது சிவப்பு,
விலகிப் போவது நீலம், அவ்வளவுதான்.

ஆனால் நீலம் மட்டும் போகவேண்டிய குழாயில்
விறகடுப்பின் நாக்குப்போல் ஒரு சிவப்பு.

ஒலியைக் கூட்டினேன்.
லப்புக்கும் டப்புக்கும் இடைவெளி விடாமல்
மூச்சு வாங்காத ஒரே இரைச்சல்.

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக
என் முகத்தை நான் அதற்குப் பழக்கியிருக்கிறேன்.

கதவோரம் செருப்பைக் கையில் பிடித்து நின்ற
சோணைமுத்து சொன்னான்:
"லீக்கு."

மாநகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவன்.
விடிகாலை மூன்று மணிக்குச் செல்லூர் ரோட்டில்
இரும்புக் கம்பியை ஊன்றி
மறுமுனையில் காது வைப்பானாம்.
"தாருக்கு அடியில இதே சத்தந்தான்.
ஒரு லைன்லருந்து இன்னொண்ணுக்குப் போகுது.
எத்தன இஞ்சு?"

இரண்டு புள்ளி வைத்து அளந்தேன்.
நாலரை மில்லிமீட்டர்.
அவன் தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தான்.

சொல்லக்கூடாதுதான். சொன்னேன்.
நுரையீரல் வேலைக்கு வராத அந்தப் பத்து மாதமும்
இந்த வழியில்தான் உங்கள் மகள் பிழைத்தாள்.
பிறந்ததும் தானாக மூடியிருக்க வேண்டும்.
தொடை வழியாகப் போய் மூடுவார்கள்,
நெஞ்சைத் திறக்காமல்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
அழகுமீனா சிரித்துவிட்டாள்,
பிறகு முந்தானையால் ஜெல்லைத் துடைத்தாள்,
நான் நீட்டிய டிஷ்யூவைப் பார்க்காமல்.

டாக்டர் வர ஐந்து மணியாகும்.
ஆறுக்கு பீபீகுளம் லைனைத் திறக்க வேண்டும்.
யாராவது போக முடியுமா என்று
வராண்டாவில் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான்,
தூங்கும் பிள்ளையின் நெஞ்சில்
இடது கையை வைத்தபடி,
கம்பி இல்லாமலே.