பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில்

நாவல் பதினேழு மணித்தியாலம் பதினொரு நிமிடம்.
வெள்ளவத்தையில் ஏறி கோட்டையில் இறங்க
பதினெட்டு நிமிடம், ரெயில் நேரத்துக்கு வந்தால்.
ஆகவே கப்பல் வியாழனைத் தாண்டவே
எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

வாசித்தவருக்கு வயது கூட.
வாய்க்குள் பொய்ப்பல்லோ என்னவோ, அடிக்கடி கிளிக் என்றது.
பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தண்ணீர் குடித்தார்;
வெட்ட மறந்திருக்கிறார்கள்.
தலைவி, சமையற்காரன், கப்பலின் கணினி,
அந்தப் பெயரில்லாத ஜீவன், எல்லாரும்
ஒரே தொண்டையால்தான் வந்து போனார்கள்.
ஜீவன் பேசுமுன் மட்டும்
அவர் ஒருதரம் மூச்சை உள்ளிழுப்பார்.
அவ்வளவுதான்.
சனநெரிசலுக்குள் என் கைமயிர் எழும்பி நின்றது.

கப்பலின் நடைகூடத்தை அவர் வர்ணித்தார்தான்.
நான் காதில் போடவில்லை. எனக்கு அது
எங்கள் காப்புறுதிக் கந்தோரின் நாலாம் மாடி:
துடிக்கிற குழல்விளக்கு,
மரணச் சான்றிதழ் இன்னும் வராத கோப்புகளுக்கென்று
தனியாக ஒரு சாம்பல்நிற அலுமாரி.
அதற்குப் பக்கத்தில்தான் நின்றான் தோவல்,
கப்பலின் பழுதுகளைப் பார்க்கிறவன்,
கையில் ஸ்பானருடன்,
அதிகம் பேசாமல்.

படம் இரண்டேகால் மணித்தியாலம்.
சுமையா ரிக்கெற் எடுத்திருந்தாள்.
கீழே சிங்கள எழுத்துகள் ஓட
மேலே எல்லாருக்கும் முகம் இருந்தது, தாடை இருந்தது.
ஜீவனுக்கு நீலத் தோல், நாலு வரிசைப் பல்.
அது மூச்செடுக்கவில்லை. கதிரை அதிர்ந்தது.
பொய் சொல்லக்கூடாது:
இரண்டு சூரியனும் ஒன்றாய் விழுந்தபோது
பொப்கோர்ன் என் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.
கிழவரால் அது முடியாது.
அவர் செம்மஞ்சள் என்று சொல்லிவிட்டுப் போனார்,
நான் காலிமுகத்திடலில் விற்கிற குளிர்பானத்தை
நினைத்துக்கொண்டேன்.

பிறகு, சரியாக இடைவேளைக்கு முன்,
தோவல் செத்தான்.

வயலின்களோடு, மிக மெதுவாக,
கண்ணாடிக்கு வெளியே கை நழுவி.
விளக்குகள் எரிந்தன. சனம் ஐஸ்சொக் வாங்க எழும்பியது.
"படத்துக்காக ஆளைக் கொன்றுபோட்டார்கள்" என்றேன்.
சுமையா அச்சில் வாசித்தவள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"புத்தகத்திலயும் சாகிறான்தானே.
ஒன்பதாம் அத்தியாயம். ஒரு வரி."

ஒன்பதாம் அத்தியாயம்.
அன்று இருக்க இடம் கிடைத்தது.
பம்பலப்பிட்டி தாண்டியதும் கண் சொருகிற்று.
கொள்ளுப்பிட்டியில் வடே வடே வடே என்று ஒருவன்
கூடையால் தோளில் இடித்து எழுப்பினான்.
நாலு நிமிடம் இருக்குமா?

மீதிப் பதினொரு மணித்தியாலமும்
செத்தவனை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.
தலைவி தனியே அழுதபோது
கதவுக்கு வெளியே நின்றான், மரியாதையாக.
யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதது
அவன் சுபாவத்துக்குப் பொருந்தித்தான் இருந்தது.
கடைசியில் கப்பல் தரையைத் தொட
ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.
நான் பார்த்தேன்.

படத்தின் பின்பாதி எனக்கு ஞாபகமில்லை.

திங்கட்கிழமை அந்த அத்தியாயத்தைத் தேடிப்பிடித்து
தெகிவளைப் பக்கமிருந்து வந்த கூட்டத்துக்குள்
கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
கிழவர் வேகம் குறைக்காமல் வருகிறார்.
கிளிக். கிளிக்.
இசை இல்லை, எச்சரிக்கை இல்லை.
இடப்பக்கம் கடல், ஒயில் படிந்த பச்சை.
எதிர்ப்பாதையில் ஒரு ரெயில்
தடதடவென்று எல்லாவற்றுக்கும் மேலால் ஓடி முடிய
காதில் மிஞ்சியது "பிறகு" என்ற ஒரு சொல்.
பிறகு காலை உணவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

விரல் பின்னுக்குத் தள்ளும் பொத்தானில்தான் இருந்தது.
கோட்டை வந்துவிட்டது, இறங்கினேன்.

நாலாம் மாடியில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஏணி.
மேலே ஒருவன், பராமரிப்புக் கம்பனிக்காரன்,
குழல்விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
"கொஹொமத?" என்று கேட்டேன்.
அவனுக்கு என்னைத் தெரியாது.
ஆனாலும் இறங்கி வந்து,
நல்லா இருக்கிறேன் என்றான்.