இரவு வந்த கிழமை

மரவள்ளியைத் தோலுரித்து, மூன்று நாள் ஊறப்போட்டு,
சாக்கில் கட்டிக் கல்லேற்றிப் பிழிந்து,
பாயில் பரப்பி நெருப்புக்கு வடக்கே வைப்போம்.
காற்று திரும்பினால் தெற்கே.
காலையில் வைத்தால் மாலைக்குள் முறுகிவிடும்.
வெயிலென்றால் மூன்று நாள்;
மழை மாதங்களில் இந்தக் கழிமுகத்தில்
வெயிலை நம்பிக் கடன் வாங்க முடியாது.

நெருப்பு கம்பெனியுடையது.
எண்ணெய் உறிஞ்சும்போது கூடவே ஏறிவரும் வாயு,
அழைக்காத விருந்தாளி.
அதைக் குழாயில் கூட்டிவந்து
எங்கள் கிழங்குக் கொல்லை முடியும் இடத்தில் எரிக்கிறார்கள்.
நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் எரிந்தது.
மூன்று பிள்ளை பெற்ற நாட்களிலும் எரிந்தது.
மருத்துவச்சி விளக்கு கேட்கவில்லை.

எங்களுக்குப் புருவம் பாதிதான்.
உகெல்லி சந்தையில் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்:
நெருப்பூர்க்காரிகள்.

விறகு வாங்க வேண்டியதில்லை. வரவு.
வேலிக்குள் விடுகிற காவலாளிக்கு வாரம் ஒரு படி மாவு. செலவு.
தகரக் கூரை ஐந்து மழைக்காலம் தாங்காமல் சல்லடையாகிறது. செலவு.
கணக்கு எழுதுகிறவள் அக்பெவ்வே.
‘பிள்ளைகளின் இருமலை எந்தப் பக்கம் எழுதுவாய்?’ என்றேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கிழங்கைப் புரட்டிப் போடப் போய்விட்டாள்.

நள்ளிரவில் ஊசிக்கு நூல் கோக்கலாம் இங்கே.
போனுக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும்
ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒனோரியோடேயிடம்
இருநூறு நைரா கொடுக்க வேண்டும்.
மின்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது.
ஒன்றில் ஆடு கட்டியிருக்கிறோம்.

கோழிகளைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.
அவை அடைவதே இல்லை.
கொத்திக்கொண்டே நடந்து, நடந்தபடியே கண் சொருகி,
சில சமயம் நின்ற இடத்திலேயே சரிந்துவிடும்.

போன மாதம் ஒருவர் வந்தார்.
தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் சேறு படாத பூட்ஸ்.
இனி எரிக்கமாட்டார்களாம்.
இந்தப் புகை உலகத்தின் கூரையைச் சுடுகிறதாம்.
வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக்
கப்பலில் ஏற்றுவார்களாம்;
பனி விழும் ஏதோ ஓர் ஊரில்
யாரோ அதில் காலையில் முட்டை பொரிப்பார்களாம்.
கை தட்டினோம். உண்மையாகவே தட்டினோம்.
பிறகு அக்பெவ்வே எழுந்து, ‘எங்கள் பாய்களுக்கு?’ என்றாள்.
காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.
பாய் அதில் இல்லை.

புதன்கிழமை அணைத்தார்கள்.

முதலில் போனது வெளிச்சமல்ல, இரைச்சல்.
இத்தனை வருஷம் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
என் புருஷன் ‘உப்பு’ என்று கேட்டது
சண்டைக்கு இழுத்தது போலிருந்தது.
இருவரும் பயந்து, பிறகு சிரித்து,
பிறகு மெதுவாகப் பேசத் தெரியாமல்
சும்மா இருந்தோம்.

டோபோரேவுக்கு நான்கு வயது.
கண்ணைத் திறந்துகொண்டே
‘அம்மா, என் கண்ணைத் திற’ என்று அழுதான்.

கோழிகள் மட்டும்
ஒன்றன்பின் ஒன்றாகக் கொய்யாக் கிளையில் ஏறிக்
கழுத்தைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை கிழங்கு புளித்து நாறியது.
சனிக்கிழமை அக்பெவ்வே அரிவாளோடு
பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் போனாள்.
எத்தனை மரம், எத்தனை நாளைக்கு என்று
நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறாள்.
ஈர விறகு. கண் எரிகிறது.
இந்தப் புகையும் அந்தக் கூரைக்குத்தான் போகிறதா?
கேட்கலாமென்றால்
வெள்ளைத் தொப்பிக்காரரைக் காணோம்.

நேற்றிரவு மழை.
முன்பெல்லாம் மழைத்தண்ணீரில் கரி மிதக்கும்,
துணி அலசக்கூட ஆகாது.
எழுந்துபோய் வாசலில் குண்டானை வைத்தேன்.
நிரம்புகிற சத்தம் கேட்டது;
அதை நான் இந்த ஊரில் கேட்டதே இல்லை.
குனிந்து பார்த்தேன்.
தெளிவாக இருக்கிறதா, தெரியவில்லை.
விளக்கு வேண்டும்.